பொதி கட்டி வைத்த மண்

சிசிலியில் கிரேக்கர் என்றால்தான் மரியாதை. அவர்கள் விட்டுப்போன நாலு தூணைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். அரேபியரும் நோர்மன்காரரும் என்றாலும் பரவாயில்லை. அரண்மனை இருக்கிறது, வாசலில் நுழைவுச்சீட்டு விற்கலாம். ரோமருக்கும் அரேபியருக்கும் நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்தத் தீவை ஆண்ட பைசாந்தியரைப் பற்றிப் பலெர்மோவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் வேலைசெய்த வீட்டுச் சின்யோராவின் மகள், உலகத்தில் வேறு ஆட்களே வாழாததுபோல, அந்தப் பைசாந்தியரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீடு, பலெர்மோவில் வசதியானவர்கள் இருக்கும் லிபெர்த்தா வீதியில். சமையல், துப்புரவு, சின்யோராவின் மாத்திரைகள், சின்யோராவின் கோபம் எல்லாவற்றுக்கும் அங்கே நான்தான் பொறுப்பு. மகளை எல்லோரும் தொத்தொரேஸா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்த பெண்களுக்கு அந்த ஊரில் கொடுக்கும் மரியாதை அது. ஆனால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தருவார்கள், சில வருஷம் இழுத்தடிப்பார்கள். எங்களுடைய பெர்மெஸோ விசா மாதிரித்தான் உங்கள் வேலையும் என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

2007ஆம் ஆண்டு கோடை தொடங்கும் நேரம் அவர் குசினிக்குள் வந்து நின்றார். அவர் இத்தாலியனில் சொன்னவற்றை எங்கள் இலங்கைத் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"ஓகஸ்டிலை அம்மா கடற்கரைக்குப் போறா. உமக்கு இஞ்சை வேலை இருக்காது. என்னோடை மலைக்கு வாறீரோ? கொஞ்சப் பெடியளுக்குச் சமைக்கோணும்."

"மலையிலை என்ன இருக்கு?"

"ஒரு பழைய ஊர் இருக்கு எண்டு நினைக்கிறன். இன்னும் ஒருத்தரும் கிண்டிப் பாக்கேல்லை."

போனேன். பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கீழே ஒரு சின்னக் கிராமம், ஒரு பார், பிள்ளைகள் இல்லாததால் மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் படுத்தார்கள், நான் சமைத்தேன். மேலே மலையில் காய்ந்த புல், ஆட்டுப் புழுக்கை, அங்கங்கே தலைகாட்டும் கல். ஊர் எங்கே என்று கேட்டேன். "நீர் இப்ப அதுக்கு மேலைதான் நிக்கிறீர்," என்றார் தொத்தொரேஸா.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சும்மா நிற்கப் பிடிக்காமல், ஒரு மாணவி வைத்துவிட்டுப் போன தும்புத்தடியை எடுத்துக் கல்லுக்கு நடுவே இருந்த புழுதியைக் கூட்டினேன். பிழையாகச் செய்கிறேன் என்று ஏச்சு விழும் என்று பார்த்தால், தொத்தொரேஸா மேசன்மார் பாவிக்கிற கரண்டி ஒன்றைக் கையில் தந்து, மண்ணை எப்படிச் சுரண்டுவது என்று காட்டினார். பல வருஷமாக மற்றவர்களின் தளத்தைத் துடைத்த கைக்கு, ஆயிரத்துச் சொச்ச வருஷமாக யாரும் பார்க்காத ஒரு தளத்தைத் துடைக்கக் கிடைத்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. சும்மா இல்லை, பைத்தியமாகப் பிடித்தது. பாஸ்தாவை அடுப்பில் வைத்துவிட்டு, மேலே மண் என்னவாயிற்றோ என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். அடுத்த வருஷமும் வர வேண்டும் என்பது ஒன்றே அந்த மாதம் எனக்கிருந்த ஆசை.

அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா என்பதுதான் சிக்கல். காட்டுவதற்கு உருப்படியாக ஏதாவது அகப்பட்டால் மட்டுமே பல்கலைக்கழகம் திரும்பவும் அனுப்பும். காணிக்காரரோ, பெரிதாக எதுவும் அகப்படாவிட்டால் மட்டுமே திரும்பவும் விடுவார். அவர் எழுபது தாண்டிய மனிதர். ஏதாவது பெரிய கோயில் கீயில் வந்துவிட்டால் அரசாங்கம் வேலி போட்டுக் காணியை எடுத்துவிடும், ஆடுகளை எங்கே மேய்ப்பது என்ற பயம் அவருக்கு. காலையில் தொப்பியோடு வந்து கரோப் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

"ஒண்டும் வரேல்லையே?"

"ஒண்டும் வரேல்லை."

"கடவுளே, நன்றி."

பின்னேரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோன் வரும். ஏதாவது வந்ததா என்று கேட்பார்கள். வரவில்லை என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பாவம் தொத்தொரேஸா, ஒரே பதிலைக் காலையில் சந்தோஷமாகவும் பின்னேரம் துக்கமாகவும் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகுதான் அந்த வளைவு வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த சுவரின் பக்கத்தில், அழகாக அடுக்கிய கற்கள் வளைந்து போயின. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய தேவாலயங்களில் பீடம் இருக்கும் பக்கம் அப்படித்தான் அரைவட்டமாக இருக்குமாம். நிச்சயமாகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தொத்தொரேஸா கட்டளை போட்டார். வளைவுக்குள் இருந்த மண்ணை இடம் இடமாக அள்ளி, கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பைகளில் போட்டு, கழுத்தைக் கட்டி, இடத்தைக் குறித்த துண்டு வைத்து, கூடாரத்துக்குள் மேசையில் அடுக்கினார்கள். அந்த மண்ணைத் தண்ணீரில் போட்டால் அந்தக் காலத்துக் கருகிய தானியங்கள் மிதந்து வரும், அதை வைத்துக் காலத்தையே சொல்லலாம் என்றார்கள். வளைவின் தளத்தில் மெல்லிய படையாக இருந்த கறுத்த மண் முழுவதும் ஒரே பைக்குள் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை என்று பார்த்து என் கணவர் கறித்தூளும் தேங்காயும் கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மேலே கூட்டிப்போனேன். வளைவைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளில் நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், இது கோயிலெல்லோ!"

"வாயைப் பொத்துங்கோ. இன்னும் ஒண்டும் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

கல்யாணம் கட்டிய நாள்முதல் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: எல்லாருக்கும். திங்கட்கிழமை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சீசாப் பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடியில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய மிச்சம் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஓகஸ்ட் பதினைந்து மடுமாதா திருநாள். மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடுக் கோயிலுக்கு அன்றைக்கு வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய், மரங்களுக்குக் கீழே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, செபம் சொல்லித் திரும்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். திரும்பும்போது கோயில் மண்ணில் கொஞ்சம் எடுத்து வருவார்கள். பாம்புக்கடிக்கு மருந்து, வீட்டுக்குக் காவல், பயணத்துக்குத் துணை எல்லாம் அந்த மண்தான். பலெர்மோவில் காடு இல்லை. வருஷாவருஷம் ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறி மனதைத் தேற்றிக்கொள்வோம். அந்த வருஷம் எங்கள் ஆட்களுக்குப் புதிதாக ஒரு மலை கிடைத்துவிட்டது.

இத்தாலியர்களுக்கும் அன்று பெரிய விடுமுறை. தொத்தொரேஸாவும் மாணவர்களும் விடியவே கடலுக்குப் போய்விட்டார்கள். நான் காலைக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்க, கிராமத்துச் சந்தியில் ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் இரண்டு வான், பின்னால் நாலைந்து கார். முதல் வானின் முன்சீட்டில் என் கணவர், மடியில் மாதா சுரூபத்தை வைத்துக்கொண்டு.

"கொஞ்சப் பேர்தான்," என்றார் இறங்கியபடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் திரும்ப வானுக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டியிருப்பேன். ஆனால் பின்னால் சமையல் கிடாரங்கள் இறங்குகின்றன, பிள்ளைகள் இறங்குகிறார்கள், வெள்ளைச் சீலை உடுத்த பெண்கள் இறங்குகிறார்கள். சீசாவில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த மன்னார் அக்கா செபமாலையோடு முன்னுக்கு வந்தார். ஒரு வயோதிகரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் தொடங்குவது அவர்தான். அவருடைய மகன், களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு கொழும்பை விட்டு வெளிக்கிட்டு மாதக்கணக்காகிவிட்டது. எங்கே நிற்கிறான் என்று ஒரு தகவலும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து, திரும்பிப் போங்கோ என்று எப்படிச் சொல்வது?

"கிண்டின இடத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்கு உள்ளுக்கு ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது," என்று மட்டும் சத்தம் போட்டேன்.

ஒருவரும் வைக்கவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. எல்லோரும் செருப்பைக் கழற்றி, கயிற்றுக்கு வெளியே, முள்ளிலும் புழுக்கையிலும் முழந்தாளில் நின்றார்கள். மாதாவைக் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் வைத்தோம். பாட்டுப் பாடினோம். செபம் முடிந்து மற்றவர்கள் எழும்பிப் போன பின்னும் அக்கா அந்த வளைவைப் பார்த்தபடி வெயிலில் இருந்தார். பிறகு கரோப் மரத்தடியில் அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சிக் கறி வைத்தோம். சத்தம் கேட்டு ஓடிவந்த காணிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இது கோயிலா? என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே! என்ரை காணி போச்சு!"

அவரை உட்காரவைத்து ஒரு கோப்பை சோறும் கறியும் கொடுத்தேன். கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். காணிக்காகப் பாதி, மிளகாய்த்தூளுக்காகப் பாதி. இரண்டாம் முறையும் கறி கேட்டார்.

பின்னேரம் நான் பெரிய கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. கோயிலுக்கு வந்தால் மண் எடுக்க வேண்டும். கயிற்றுக்குள் போகக் கூடாது என்று நான் சொல்லியாயிற்று. என்ன செய்யலாம் என்று சுற்றிப் பார்த்தவர்களின் கண்ணில் கூடாரம் பட்டிருக்கிறது. உள்ளே மேசையில், கழுத்துக் கட்டி, துண்டு வைத்து, வரிசையாக மண் பைகள். வருகிறவர்களுக்கென்றே பொதி கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஆளுக்கு ஒன்றாக, தள்ளுப்படாமல், மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேசையில் கொஞ்சம் காணிக்கைச் சில்லறையும் வைத்திருந்தார்கள்.

கடலிலிருந்து முகம் சிவந்து வந்த தொத்தொரேஸா வெறும் மேசையைப் பார்த்தார். சில்லறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கணவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"மண் பையோ? ஓம், என்னட்டையும் ஒண்டு கிடக்கு. மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன். ஏன், உமக்கும் வேணுமோ?"

தொத்தொரேஸா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை, வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். எங்கள் ஆட்கள் கள்ளர் இல்லை, ஒரு பை விடாமல் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதா, வெட்கத்தில் சொன்னதா தெரியாது.

அடுத்த கிழமை நிலைமை இன்னும் மோசமானது. வளைவைத் தொடர்ந்து சுரண்டச் சுரண்ட, அரைவட்டத்தோடு நிற்க வேண்டிய கற்கள் நிற்கவில்லை. சுற்றிவந்து முழுவட்டமாக மூடிக்கொண்டன. தளம் செங்கல்போல வெந்த களிமண். தேவாலயம் இல்லை. போறணை. ஊருக்கே பாண், அதாவது கோதுமை ரொட்டி, சுட்ட பெரிய அடுப்பாக இருக்கலாம் என்றார் தொத்தொரேஸா. அல்லது பின்னாளில் யாரோ கட்டிய சுண்ணாம்புச் சூளையாகவும் இருக்கலாம். போறணை என்றால் பல்கலைக்கழகத்துக்குப் போதும்; காணிக்காரருக்கும் போறணையால் ஆபத்தில்லை. சூளை என்றால் எல்லாம் முடிந்தது. கருகிய தானியம் இருந்தால் போறணை; அதைச் சொல்லக்கூடியது தளத்தில் எடுத்த அந்தக் கறுத்த மண் பை ஒன்றுதான்.

வேலை முடிந்து பலெர்மோவுக்குத் திரும்பியதும் நானும் தொத்தொரேஸாவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம் தேத்தண்ணி, போன இடமெல்லாம் பலகாரம். முதல் பை என் வீட்டு லாச்சியில் அகப்பட்டது. ஒன்று காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மாதா படத்தோடு இருந்தது. ஒன்றைப் பல்கணியில் இருந்த மிளகாய்ச் சாடியில் கொட்டியிருந்தார்கள். செடி நன்றாகக் காய்த்திருந்தது. பக்கத்து வீட்டுச் சைவக்காரருக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். அவர்கள் சாம்பல் கலந்த மண்ணைப் பார்த்துவிட்டு விபூதித் தட்டில் போட்டு நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் இருமலுக்கென்று பிள்ளைக்குச் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுத்தாயிற்றாம்.

"இருமல் நிண்டிட்டுது," என்று தாய் பெருமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். தொத்தொரேஸா வாயைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்து பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அன்றிலிருந்துதான் எனக்கு அவரை உண்மையாகப் பிடித்தது.

கறுத்த மண் மட்டும் எங்குமே இல்லை. அது மன்னார் அக்காவிடம் இருக்கிறது என்பது கடைசியில்தான் தெரிந்தது. மேல்மாடிதான், எங்கள் தலைக்கு மேலேயே. போனோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாதா படம், அதற்குக் கீழே மெழுகுதிரி, பை, மகனின் படம். பை கட்டவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

தொத்தொரேஸா அந்தப் படத்தைப் பார்த்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"வாரும், போவம். நான் கேக்கமாட்டன்."

"கேக்காட்டி அடுத்த வருஷம் மலை இல்லை!"

"இல்லாட்டிப் போகட்டும்."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உவ என்னத்துக்கு வந்தவ? ஏன் எழும்பீட்டா?"

எனக்குத் தொத்தொரேஸாமேல் கோபம், என் மேலும் கோபம். பொய் சொல்லி வாங்கலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அக்கா, அது கோயில் இல்லை. போறணை. பாண் சுட்ட இடம். இந்த மண் வேணும் அவவுக்கு. இது இல்லாட்டி அவவின்ரை வேலை போயிடும்."

அக்கா பையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் ஆட ஆரம்பித்தது.

"போறணையோ?" என்றார். "இவ்வளவு நாளும் நான் போறணைக்கே மெழுகுதிரி கொளுத்தினனான்?"

அவர் சிரித்த சிரிப்புக்குக் கீழ்வீட்டிலிருந்து என் கணவர் ஏறி வந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "உங்களுக்கு இன்னும் சொல்லேல்லை. பிள்ளை கதைச்சவன். நேற்று. பாரிசிலை நிக்கிறான். சுகமாம்."

பிறகு கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யார் யாரைக் கட்டிப் பிடித்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. தொத்தொரேஸாவும் அழுதார், எனக்கும் அழுகை வந்தது, என் கணவர் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார்.

போகும் நேரம் அக்கா பையை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கொடுக்க மனமில்லையோ என்று நினைத்தேன். பிறகு அதைக் கொஞ்சிவிட்டுத் தொத்தொரேஸாவிடம் நீட்டினார். கோயில் பக்கமே போகாத தொத்தொரேஸா, அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்த மண்ணைத் தண்ணீரில் போட்டபோது கோதுமை மிதந்து வந்தது. கருகிய, குட்டிக் குட்டி மணிகள். காலமும் பைசாந்தியர் காலம்தான் என்று மாரிக்காலத்தில் அறிக்கை வந்தது. அடுத்த கோடைக்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்தது. காணிக்காரரும் சம்மதித்தார், கறி உண்டா என்று கேட்டுவிட்டு. தொத்தொரேஸா எனக்கு ஃபோன் எடுத்து, இந்த முறை சமையலுக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன், நீர் மேலே வாரும் என்றார். நான் படியில் ஓடி ஏறி அக்காவின் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அடுத்த வருஷமும் கிண்டலாமாம்!"

அக்கா ஆச்சரியப்படவே இல்லை. அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"ஓம். பையைக் குடுக்கேக்கை மாதாவிட்டை அவவுக்கும் சேத்துக் கேட்டுப்போட்டுத்தானே குடுத்தனான்."